கல்லில் யார் கைரேகை?

கொலை நடந்த வீடு. பீரோ கைப்பிடியில் பளிச்சென்று ஒரு கைரேகை. 'மாட்டினான்டா!' என்று பரபரப்பாக லேபுக்கு அனுப்புகிறார் இன்ஸ்பெக்டர். மறுநாள் ரிசல்ட் வருகிறது... ரேகை சாட்சாத் இன்ஸ்பெக்டருடையதேதான்!

விண்வெளியிலிருந்து கல்லும் மண்ணும் அள்ளி வரும் விஞ்ஞானிகளைத் தூங்கவிடாத பயம் இதுதான். 'உயிர் உருவாகத் தேவையான சரக்கு அங்கே இருக்கிறதா?' என்று தேடிப் போகிறார்கள். அந்தச் சரக்கோ இங்கே நம் வியர்வையில், தும்மலில், தலைப்பொடுகில் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது!

நைலான் பையின் குறும்பு

2006 ஜனவரியில் நாஸாவின் 'ஸ்டார்டஸ்ட்' விண்கலம், வைல்ட்-2 என்ற வால்நட்சத்திரத்தின் தூசியைப் பூமிக்கு அனுப்பியது. சோதித்தால், அமினோ அமில வகையறா ஒன்று எக்கச்சக்கம்! துருவியதில் குட்டு வெளிப்பட்டது. மாதிரியைப் பொதிந்து வைத்த நைலான் பையிலிருந்து வந்த சமாச்சாரமாம் அது!

கூடவே கிளைசின் என்ற அமினோ அமிலமும் இருந்தது. சூடு கண்ட பூனை ஆயிற்றே... அதிலிருந்த கார்பனின் ஐசோடோப்புகளை அளந்து, 'இது பூமிச் சரக்கு இல்லை' என்று உறுதி செய்துகொண்டு 2009-ல்தான் வாய்திறந்தார்கள்.

சாட்சித் தகடு

2016-ல் பென்னு என்ற குறுங்கோளுக்கு 'ஒஸைரிஸ்-ரெக்ஸ்' கிளம்பியபோது நாஸா படு உஷார். நைலானுக்குத் 'தடா'! மண் அள்ளும் தலைப்பகுதியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அமினோ அமில அழுக்கு 180 நானோகிராமைத் தாண்டக் கூடாது என்று கண்டிஷன். ஒரு கிராமை நூறு கோடி பங்கு போட்டால் வருமே ஒரு பங்கு... அதுதான் ஒரு நானோகிராம்!

எவ்வளவு துடைத்தாலும் அழுக்கு பூஜ்யமாகாது. அதனால் அலுமினியம், சபையர் தகடுகளையும் கூடவே அனுப்பினார்கள். பெயர் 'சாட்சித் தகடு'. கல்லில் கிடைப்பது தகட்டிலும் இருந்தால்... சந்தேகக் கேஸ்!

2023 செப்டம்பர் 24-ல் கேப்ஸ்யூல் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. உடனே நைட்ரஜன் வாயு செலுத்தி, பத்திரமாக ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சோதனை... மூடியின் 35 திருகுகளில் இரண்டு அசைய மறுத்தன! நாமாக இருந்தால் ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு தட்டு தட்டியிருப்போம். அந்த ரெண்டு சொட்டில் ஏழு வருஷப் பயணமும் பாழ்! பொறுமையாகப் புதுக் கருவிகள் செய்து, 2024 ஜனவரியில்தான் கழற்றினார்கள். மொத்தம் கிடைத்த மண் 121.6 கிராம்.

காற்று பட்டால் போதும்!

இவ்வளவு கெடுபிடி தேவையா என்கிறீர்களா? ஜப்பானின் 'ஹயபுஸா-2', ரியூகு குறுங்கோளிலிருந்து 2020-ல் 5.4 கிராம் கொண்டுவந்தது. அதில் ஒரு துணுக்கு லண்டன் போனது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்... குச்சி குச்சியாய்க் கிருமிகள்! 11 இருந்தது 147 ஆகி, பிறகு 36 ஆகக் குறைந்தது. பிறந்து, பெருகி, மடிந்த லட்சணத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது... எல்லாம் லோக்கல் பார்ட்டிகள்! பூமிக் காற்று பட்டதும் தொற்றிக்கொண்டவை. 2024-ல் வெளியான ஆய்வு இது.

பென்னு விஷயத்தில் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. பூமியின் உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருப்பதாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். செருப்பைப் போல அமினோ அமிலத்திலும் இடது, வலது உண்டு. பூமியின் உயிர்களுக்கு இடதுதான் வேண்டும். பென்னுவிலோ இரண்டும் கிட்டத்தட்ட சரிபாதி. நம் கை படவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி!

'உயிருக்கான மூலப்பொருள் எங்கிருந்து வந்தது?' என்ற பெரிய வழக்கில் சாட்சி சொல்ல வந்திருக்கிறது அந்தக் கல். அதன் வாயில் நாமே வார்த்தையைத் திணித்துவிட்டால் கேஸே அம்பேல்! அதனால்தான் பென்னு மண்ணில் பெரும்பகுதியைத் தொடாமல் எடுத்து வைத்திருக்கிறார்கள்... இன்னும் பிறக்கவே பிறக்காத விஞ்ஞானிகளுக்காக.

கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதும் ஒரு ஆராய்ச்சிதான் சார்!