வெறுங்காலால் வென்ற பருவம்: 1911

தூத்துக்குடி மில்லர்புரத்தில் 1951இல் தொடங்கிய வ.உ.சி. கல்லூரி தாங்கும் பெயருக்குரிய விடுதலை வீரர் வ.உ.சி., 1911இல் சிறையில் இருந்தார். ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார். ஆறு வாரம் கழித்து, ஜூலை 29 அன்று, கல்கத்தாவில் மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கால்பந்துக் கேடயத்தை வென்றது. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் முடங்கிய தூத்துக்குடிக் கரைக்கு அச்செய்தி எவ்வளவு இனித்திருக்கும்!

முதல் சுற்றில் செயின்ட் சேவியர் கல்லூரியை 3–0 என வீழ்த்திய அணி அது. பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினர். பூட்ஸ் அணிந்தவர் சுதிர் சட்டர்ஜி மட்டுமே. இறுதியாட்டத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கிழக்கு யார்க்‌ஷயர் படையணிதான் முதலில் கோல் போட்டது. அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். அக்கேடயத்தை வென்ற முதல் இந்திய அணி மோகன் பகான்.