நீலச் சுடர் காட்டாத நஞ்சு

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரம் சீவிய காலத்தை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். கள்ளுக்கடை அன்றைய தோட்ட வாழ்வில் ஓர் அங்கமாக இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கோரினர். கள்ளைவிடக் கொடியது, திருட்டுத்தனமாகக் காய்ச்சிய சம்சு. அதில் என்ன கலந்திருக்கிறது என்பது குடிப்பவருக்குத் தெரியாது. சாராயத்தைச் சிறிது கரண்டியில் ஊற்றிக் கொளுத்தி, நீலச் சுடர் எழுந்தால் ‘நல்ல சரக்கு’ என்று நம்பும் வழக்கம் பல ஊர்களில் உண்டு.

இந்த நம்பிக்கை உயிரைப் பறிக்கக்கூடியது. மதுவில் இருப்பது எத்தனால். சாயக் கரைப்பான்களிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படுவது மெத்தனால். இரண்டும் நிறமற்றவை, இரண்டும் நீலமாகவே எரியும், மணத்தாலும் சுவையாலும் பிரித்தறிவது கடினம். ஆனால், மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ கழித்தே தெரிவதால், போதை தெளியவில்லை என்று பலர் படுத்துவிடுகின்றனர்.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் பிழைப்புத் தேடி வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

அப்படியானால் நஞ்சை எப்படிக் கண்டறிவது? இதற்குப் பயன்படும் முதன்மை முறை ‘கேஸ் குரோமட்டோகிராபி’. ஒரு துளி மாதிரியைச் சூடாக்கி ஆவியாக்குவர். ஹீலியம் போன்ற வாயு அந்த ஆவியை, சுருட்டி வைத்த மெல்லிய குழாய் வழியே தள்ளிச் செல்லும். குழாய் பல மீட்டர் நீளமுடையது. அதன் உட்புறத்தில் ஒரு பூச்சு இருக்கும். ஒவ்வொரு பொருளும் அப்பூச்சில் வெவ்வேறு அளவில் ஒட்டித் தயங்கும். ஓட்டப் பந்தயம் போலத்தான்! 64.7 பாகை செல்சியசில் கொதிக்கும் மெத்தனால் பொதுவாக முந்தி வரும், 78.4 பாகையில் கொதிக்கும் எத்தனால் பிந்தி வரும். கணினித் திரையில் இரண்டும் தனித்தனிச் சிகரங்களாகத் தோன்றும். சிகரத்தின் பரப்பைக் கொண்டு அளவையும் கணக்கிடலாம்.

விலையுயர்ந்த திராட்சை மதுவில் நடக்கும் மோசடி வேறு வகையானது. அங்கே உயிருக்கன்றிப் பணப்பைக்கே ஆபத்து. கரும்புச் சர்க்கரையில் கார்பன்-13 என்னும் கனமான கார்பன் திராட்சையில் உள்ளதைவிடச் சற்று அதிகம். ஆகவே, கரும்புச் சர்க்கரையைக் கலந்து புளிக்கவைத்தால் கார்பன் விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். பழமையை அறிய சீசியம்-137 உதவுகிறது. 1945இல் அணுகுண்டு வெடிப்புகள் தொடங்கிய பிறகே இது காற்றில் பரவியது. புட்டியைத் திறக்காமலேயே இதன் கதிர்வீச்சை அளக்கலாம். நூறாண்டுப் பழமையானது என விற்கப்படும் மதுவில் சீசியம் இருந்தால், அது போலி. ஆனால், சீசியம் தென்படவில்லை என்பதை மட்டும் வைத்து அது எந்த ஆண்டு மது என்று சொல்ல முடியாது.

இக்கருவிகள் ஆய்வகத்தில்தான் உள்ளன. சம்சு விற்கும் இடத்தில் இல்லை. மது குடித்த ஒருவருக்குப் பார்வை மங்கினாலோ, கடும் வயிற்றுவலியோ மூச்சுத் திணறலோ ஏற்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் தொடக்கத்திலேயே கிடைத்தால் உயிரோடு பார்வையும் தப்பக்கூடும். மிச்சமிருக்கும் புட்டியையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது. ஆய்வகத்திற்குத் தேவையான மாதிரி அதில்தான் இருக்கிறது.