டேங்கை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா?

2018 மே மாதம் பிரான்சின் லெ மான்ஸ் ஓடுதளத்தில், மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத்தில், டுகாட்டி பைக் ஓட்டிய ஹோர்ஹே லொரென்சோ தொடக்கச் சுற்றுகளில் முன்னணியில் ஓடினார். பிறகு ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். ஆறாவதாக முடித்தார். டுகாட்டி நிறுவனத்தின் தலைவர் கிளாவுடியோ டொமெனிகாலி அந்த நாட்களில் வெளிப்படையாகவே பேசிவிட்டார்: லொரென்சோ பெரிய ரைடர்தான், ஆனால் எங்கள் பைக்கின் முழுப் பலத்தையும் அவரால் வெளியே கொண்டுவர முடியவில்லை என்றார். கம்பெனித் தலைவரே பத்திரிகைக்காரர்களிடம் இப்படிச் சொன்னால் கணக்கு முடிந்துவிட்டது என்று பொருள்.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 3 அன்று, இத்தாலியின் முஜெல்லோவில் அதே லொரென்சோ ஆரம்பத்திலேயே முன்னுக்கு வந்து, கடைசிவரை யாரையும் நெருங்கவிடாமல் ஜெயித்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் 6 வினாடிக்கு மேல் இடைவெளி. ஜூன் 6 அன்று, அடுத்த இரண்டு ஆண்டு அவர் ஹோண்டாவுக்கு ஓட்டப்போகிறார் என்ற அறிவிப்பு வந்தது.

நான் கோவையில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடுகிற பையன்களுக்கு பைக் தயார்செய்து கொடுப்பதும் என் வேலைதான். மோட்டோஜிபி நடக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைப் பையன்கள் போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒரு ரைடர் தொடர்ந்து பின்தங்கினால் உடனே தீர்ப்பு வந்துவிடும்: “இவனத் தூக்கிட்டு வேற ஆளப் போடணும்ங்ணா.” எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. காரணம் கேட்டால் லொரென்சோவின் கதையைத்தான் சொல்வேன்.

லொரென்சோ சாதாரண ஆள் இல்லை. ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்காரர். யமஹா பைக்கில் 2010, 2012, 2015 என்று மூன்று முறை மோட்டோஜிபி உலக சாம்பியன். அதற்கு முன் 250 சிசி பிரிவில் இரண்டு பட்டம். 2017-க்கு டுகாட்டி அவரை அழைத்துவந்தபோது இரண்டு ஆண்டுக்குச் சுமார் 25 மில்லியன் யூரோ சம்பளம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. முதல் போட்டியில் 11-ஆவது இடம். இரண்டாவது போட்டியில் முதல் வளைவிலேயே விழுந்தார். அந்த ஆண்டு முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை. 137 புள்ளியோடு ஏழாவது. அதே டீமில் அதே பைக்கை ஓட்டிய ஆண்ட்ரியா டோவிசியோசோ ஆறு போட்டி ஜெயித்து, 261 புள்ளியோடு இரண்டாவது இடத்தில் இருந்தார். பைக்கில் குறை இருந்தால் டோவிசியோசோ எப்படி ஜெயிக்கிறார் என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் பைக்கில்தான் இருந்தது. யமஹாவும் டுகாட்டியும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் ஓட்டும் விதம் முற்றிலும் வேறு. அன்றைய யமஹாவின் எஞ்சினில் நான்கு சிலிண்டரும் ஒரே வரிசையில் நின்றன. வளைவுக்குள் வேகத்தைக் குறைக்காமல், அகலமான வட்டமாகப் போட்டு, வழுக்கிக்கொண்டே வெளியே வரலாம். லொரென்சோவின் கை அதற்கென்றே வாய்த்த கை. அவர் ஓட்டும்போது பைக் எங்கேயும் துள்ளாது. டுகாட்டியில் எஞ்சின் வி வடிவம். நேர்கோட்டில் அன்று அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அன்று அதை வளைவில் நீளமாகச் சாய்த்து வைத்திருக்க முடியவில்லை. வளைவு வரை முழு வேகம், கடைசி நொடியில் பலமான பிரேக், சட்டென்று திருப்பு, உடனே நிமிர்த்து, மறுபடி முறுக்கு. பதினைந்து வருடமாக ஊறிய பழக்கத்தை ஒருவர் தலைகீழாக மாற்ற வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உடம்பில் இருந்தது. முஜெல்லோவின் நேர்ப்பாதை முடிவில் மோட்டோஜிபி பைக் 340, 350 கிலோமீட்டர் வேகத்தில் வரும். முதல் வளைவுக்கு அதை 100-க்கும் கீழே இறக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 300 மீட்டரும் ஆறு வினாடியும்தான். அந்த ஆறு வினாடியும் ரைடரின் உடம்பை அவர் எடையில் ஒன்றரை மடங்கு விசை முன்னால் தள்ளும். அந்தப் பாரத்தை எங்கே தாங்குவது? முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்துத் தாங்கலாம். டேங்கின் வடிவம் அதற்கு இடம்கொடுக்கவில்லை என்றால் பாரம் முழுவதும் இரண்டு கையிலும் இறங்கும். முஜெல்லோவில் 23 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பல முறை இப்படிப் பிரேக் பிடிக்க வேண்டும். பாதிப் போட்டியில் கை மரத்துப்போகும். கை மரத்துப்போனால் முன்சக்கரம் ரோட்டில் என்ன செய்கிறது என்பது விரலுக்குத் தெரியாது. அது தெரியாதவர் பயந்து ஓட்டுவார், அல்லது விழுவார். லெ மான்ஸில் முதலில் முன்னணியில் இருந்துவிட்டுப் பிறகு ஒவ்வொரு இடமாகப் பின்னால் போனாரே, அதுதான் இது. வேகம் இல்லாதவர் முதல் சுற்றிலேயே பின்தங்கிவிடுவார். பாதிக்கு மேல் பின்தங்குகிறவருக்கு வேகம் இருக்கிறது. தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் ஆளை மாற்றுவதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கருத்து.

பிரேக் பிடிக்கும்போது உடம்பைத் தாங்கும்படி டேங்கின் வடிவத்தை மாற்றித் தாருங்கள் என்று லொரென்சோ கேட்டுக்கொண்டிருந்தார். அது முஜெல்லோவில்தான் வந்து சேர்ந்தது. எஞ்சின் அதே, சட்டம் அதே, டயர் எல்லோருக்கும் ஒரே கம்பெனி டயர். மண்வெட்டி ஒன்றுதான், காம்பு மட்டும் பிடிக்கிற ஆளுக்குத் தக்கபடி ஆனது. முஜெல்லோவுக்கு அடுத்த போட்டி பார்சிலோனா, அதிலும் அவர்தான் முதல். ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் ஹோண்டா ரைடர் மார்க் மார்க்கேஸோடு கடைசிச் சுற்று வரை முட்டி மோதி ஜெயித்தார். அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது. 23 போட்டி பொறுத்த டுகாட்டியால் இருபத்து நான்காவதான முஜெல்லோ போட்டி வரை பொறுக்க முடியவில்லை.

டுகாட்டி பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மோட்டோஜிபியில் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தங்கள் சீசன் முடிந்து பேசப்படுவதில்லை. ஐந்தாறு போட்டி முடிவதற்குள், மே, ஜூன் மாதங்களிலேயே நல்ல ரைடர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். காத்திருக்கிற டீமுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். டோவிசியோசோவின் ஒப்பந்தத்தை மே மாதத்திலேயே புதுப்பித்தாயிற்று. டுகாட்டியின் துணை டீமில் டேனிலோ பெட்ரூச்சி தயாராக இருந்தார், சம்பளமும் குறைவு. கணக்குப் பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் நானும் அதையே செய்திருப்பேனோ என்னவோ. பெட்ரூச்சி ஏமாற்றவும் இல்லை. 2019-ல் அதே முஜெல்லோவில், ஒரு வினாடியில் நூற்றில் ஐந்து பங்குகூட இல்லாத இடைவெளியில், மார்க்கேஸை முந்தி ஜெயித்தார். ஆனாலும் ஆண்டு முடிவில் ஆறாவது இடம்தான். 2020 சீசனின் முதல் போட்டி தொடங்கும் முன்பே, 2021-ல் நீ வேண்டாம் என்று அவரிடமும் சொல்லியாயிற்று.

எனக்கு ஆறாத ஆதங்கம் வேறு ஒன்று. லொரென்சோவை அளக்க டோவிசியோசோவை அளவுகோலாக வைத்தார்களே, அந்த டோவிசியோசோ டுகாட்டிக்கு வந்தது 2013-ல். முதல் ஆண்டு ஒரு போட்டியில்கூட முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. டுகாட்டியில் அவர் முதல் வெற்றி பெற்றது 2016 அக்டோபரில், மலேசியாவில். நான்கு சீசன் அவருக்குப் பொறுத்தவர்கள் அவர்கள். அவருக்கு முன், பல முறை உலக சாம்பியனான வாலென்டினோ ரோஸ்ஸியே 2011, 2012 இரண்டு ஆண்டும் அந்த பைக்கில் ஒரு போட்டியும் ஜெயிக்கவில்லை. யமஹாவுக்குத் திரும்பிய 2013-லேயே நெதர்லாந்தின் அசெனில் ஜெயித்தார். ஆளுக்குக் காலம் தேவைப்படுகிற பைக் அது என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாததா?

இதே பாடு உள்ளூரிலும் உண்டு. சில வருடம் முன்பு ஒரு டீமின் முதலாளி என்னிடம் வந்து, “பைக்குல ஒண்ணுமில்லீங்களே? பையன்தானுங்களே பிரச்சனை?” என்று கேட்டார். பையன் முதல் சில சுற்று நன்றாக ஓடிவிட்டு அப்புறம் பின்னால் போய்விடுகிறான் என்றார். நான் பையனின் கையுறையைக் கழற்றச் சொன்னேன். இரண்டு உள்ளங்கையிலும் கட்டைவிரல் அடியில் கொப்புளம். ரேஸ் சூட்டைப் பார்த்தேன். முழங்காலின் உள்பக்கத் தோல் புதிது போல இருந்தது. டேங்கை அவன் பிடிக்கவே இல்லை, உயரமான பையனுக்கு முழங்கால் அங்கே பொருந்தவே இல்லை. டேங்கின் இரு பக்கமும் ரப்பர் ஒட்டி, சீட்டின் பின்புறம் கொஞ்சம் ஸ்பாஞ்ச் வைத்தால் போதும், ஆயிரம் ரூபாய் வேலை என்றேன். அவர் அதற்குள் வேறு பையனிடம் பேசி முடித்திருந்தார். அடுத்த ரவுண்டில் புதுப் பையனும் கை வலிக்கிறது என்றுதான் வந்து நின்றான்.

சீசனுக்கு நடுவில் மாற்றுவது இன்னும் மோசம். மோட்டோஜிபியில் போட்டிகளுக்கு இடையே பயிற்சி ஓட்டத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. புதிதாக வருபவர் வெள்ளிக்கிழமை பைக்கில் ஏறி ஞாயிற்றுக்கிழமை போட்டியில் நிற்க வேண்டும். 2019-ல் பிரான்சின் ஜோஹன் சார்க்கோ கேடிஎம் பைக்கோடு ஒத்துப்போக முடியாமல் திணறினார். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை ஓராண்டோடு முடித்துக்கொள்கிறேன் என்று அவரே கேட்டார். சக ரைடர் போல் எஸ்பார்கரோ அதே பைக்கில் பலமுறை முதல் பத்துக்குள் வந்துகொண்டிருந்தது டீமுக்கு உறுத்தியிருக்க வேண்டும். இத்தாலியின் மிசானோ போட்டி முடிந்ததும் மீதிச் சீசனுக்கும் அவரை இறக்கிவிட்டு, சோதனை ரைடர் மைக்கா கல்லியோவை ஏற்றினார்கள். சார்க்கோ முடிந்தார் என்று எழுதாத பத்திரிகை குறைவு. 2020-ல் ஒரு சிறிய டீமின் டுகாட்டியில் செக் நாட்டு பிர்னோவில் முதல் இடத்திலிருந்து புறப்பட்டு மூன்றாவதாக முடித்தார். 2023-ல் ஆஸ்திரேலியாவில் ஜெயித்தார். 2025 மே மாதம், 34 வயதில், லெ மான்ஸில் கொட்டும் மழையில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் ஹோண்டாவில் ஜெயித்தார். பிரான்ஸ் போட்டியில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெரிய பிரிவில் ஜெயித்து 71 ஆண்டாகியிருந்தது.

மாற்றவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் யமஹா தன் ரைடர் மாவெரிக் வின்யாலேஸை நிறுத்திவைத்தது. பைக்கை முறையில்லாமல் இயக்கினார், எஞ்சினுக்கும் மற்றவர்கள் உயிருக்கும் ஆபத்து வந்திருக்கும் என்பது அவர்கள் புகார். நம்பிக்கை அந்த அளவுக்கு உடைந்துவிட்டால் ஒரே டீமில் இருக்க முடியாது, பிரிவதே மேல். லொரென்சோவின் ஹோண்டா காலத்திலும் பிரிவுதான் சரி, காரணம் மட்டும் வேறு. 2019-ல் அசென் பயிற்சியில் விழுந்து முதுகெலும்பு உடைந்தது. ஆண்டு முழுக்க 11-ஆவது இடத்துக்கு மேல் வர முடியவில்லை, மொத்தம் 28 புள்ளி. அந்த நவம்பரில் அவரே ஓய்வை அறிவித்தார். உடம்பு வேண்டாம் என்று சொன்ன பிறகு டேங்கை மாற்றி ஒன்றும் ஆகாது.

பொறுத்ததற்குப் பலன் கிடைத்த கதையும் டுகாட்டியிலேயே உண்டு: பிரான்செஸ்கோ பன்யாயா. டுகாட்டியின் துணை டீமில் 2019-ல் 15-ஆவது, 2020-ல் 16-ஆவது. லொரென்சோவின் 137 புள்ளிக்கு வேலை போயிற்று என்றால், பன்யாயாவின் 54-க்கும் 47-க்கும் என்ன ஆகியிருக்க வேண்டும்? டுகாட்டி அவரை 2021-க்கு முதன்மை டீமுக்கே உயர்த்தியது. லொரென்சோவின் தலைமை மெக்கானிக்காக இருந்த கிறிஸ்டியன் கபாரினிதான் பன்யாயாவுக்கும் தலைமை மெக்கானிக்காக இருந்தார். 2022-ல் பாதிச் சீசனில் முதலிடத்துக்கு 91 புள்ளி பின்னால் இருந்து மேலேறி, பன்யாயா உலக சாம்பியன் ஆனார். டுகாட்டிக்கு 15 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த ரைடர் பட்டம் அது. 2023-லும் அவரே. 2025-ல் அதே டீமில் மார்க் மார்க்கேஸ் பட்டம் வென்றபோது பன்யாயா தடுமாறினார், முன்சக்கரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை என்றார். மறுபடியும் அதே கூச்சல் எழுந்தது. டுகாட்டி அவரைச் சீசன் நடுவில் இறக்கிவிடவில்லை, அது சரியான முடிவு.

நம் ஊரில் டீம் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ரைடர் பைக்கில் என்ன கேட்டார் என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆளை மாற்றும் எண்ணம் வரும்போது அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். கேட்டும் கொடுக்காத ஒன்று அதில் இருந்தால், முதலில் அதைச் செய்து கொடுத்து மூன்று ரவுண்டு ஓடவிடுங்கள். அதற்குப் பிறகும் நேரம் குறையவில்லை என்றால், சீசன் முடிந்தபின், அவரை நேரில் உட்காரவைத்துச் சொல்லி அனுப்புங்கள்.