கையெழுத்துப் போடுமுன்...

"ஒன்றுமில்லை, உன் பெயரில் ஒரு கணக்குத் திறக்கிறேன். போனுக்கு ஆறு எண் வந்திருக்கும். அதைச் சொல்லு, போதும்!" என்று சமையலறை வாசலில் வந்து நிற்கும் கணவன்மார்கள் இப்போது அநேகம். அந்தக் காலத்தில் ஸ்டாம்பு ஒட்டிய காகிதம் வரும். இந்தக் காலத்தில் ஆறு எண் வருகிறது. இரண்டும் கையெழுத்துத்தான். எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போடுவது நல்லதல்லவா?

பங்கு மார்க்கெட்டுக்காகத் திறக்கும் கணக்குக்கு 'டீமாட்' என்று பெயர். முன்பெல்லாம் பங்குகள் அச்சடித்த பத்திரங்களாக டிரங்குப் பெட்டியில் தூங்கின. 1996-ஆம் ஆண்டு வந்த சட்டத்துக்குப் பிறகு, கம்ப்யூட்டர் கணக்கில் வரவு வைக்கும் வழக்கம் வந்தது.

சரி, பங்கு என்பது என்ன? ஓர் அப்பளக் கம்பெனிக்குப் பத்து லட்ச ரூபாய் மூலதனம் வேண்டும். அதைப் பத்து ரூபாய் வீதம் ஒரு லட்சம் பங்குகளாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் 100 பங்கு வாங்கினால், கம்பெனியில் ஆயிரத்தில் ஒரு பாகம் உங்களுடையது. நீங்கள் கடன் கொடுத்தவர் அல்ல, சொந்தக்காரர்! ஆகையால் வட்டி கிடையாது. லாபம் வந்து, அதைப் பங்கிடுவதென்று முடிவு செய்தால் 'டிவிடெண்டு' வரும். கம்பெனி முழுகிப் போனாலோ, கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு.

அந்தப் பத்து ரூபாய்தான் பங்கின் 'முகமதிப்பு'. அப்பளம் அமோகமாக விற்றால், அதே பங்கு மார்க்கெட்டில் 500 ரூபாய்க்கும் விலை போகலாம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. "நூறு சதவீத டிவிடெண்டு!" என்று படித்துவிட்டு மலைத்துப் போகாதீர்கள். அந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல் கணக்கிடுவது. பங்குக்குக் கிடைப்பது பத்தே ரூபாய். 500 கொடுத்து வாங்கியவருக்கு அது இரண்டு சதவீதந்தான். 'ஒன்றுக்கு ஒன்று போனஸ்' என்பதும் இப்படித்தான். பங்கு இரட்டிக்கும், விலை ஏறக்குறையப் பாதியாகும். தோசையை இரண்டாகப் பிட்டால் தோசை பெரிதாகிவிடுமா?

'சென்செக்ஸ்' என்பது மும்பைப் பங்குச் சந்தையில் 30 பெரிய கம்பெனிகளின் விலைப் போக்கைக் காட்டும் எண். 1978-79-ஐ நூறு என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். "ஆயிரம் புள்ளி சரிந்தது" என்றால் எத்தனையில் ஆயிரம் என்று கேளுங்கள். பத்தாயிரத்தில் ஆயிரம் என்றால் பத்து சதவீதம். எண்பதாயிரத்தில் ஆயிரம் என்றால் ஒன்றேகால் சதவீதந்தான்.

நல்ல கம்பெனியின் பங்கை வாங்கிப் பல வருஷம் வைத்திருப்பது முதலீடு. அதிலும் விலை இறங்கலாம். ஆனால் கையில் கம்பெனியின் பாகம் இருக்கிறது. காலையில் வாங்கி மாலைக்குள் விற்பது வியாபாரம். 'ஆப்ஷன்' என்பதோ இன்னும் வேகமான சங்கதி. அடுத்த மாதம் கிலோ 200 ரூபாய்க்குப் புளி வாங்கும் உரிமைக்காக இன்றே கடைக்காரரிடம் பத்து ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். விலை 250 ஆனால் உங்களுக்கு லாபம். 200-ஐத் தாண்டாவிட்டால் பத்து ரூபாய் போனது போனதுதான். விலை 400 ஆகிவிட்டால், பத்து ரூபாய்க்கு ஆசைப்பட்ட கடைக்காரர் பாடு அதோகதி! அந்தக் கடைக்காரர் இடத்திலும் நம்மவர்கள் போய் உட்காருகிறார்கள்.

மார்க்கெட்டைக் கண்காணிக்கும் 'செபி' 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் 'பியூச்சர்', 'ஆப்ஷன்' வியாபாரம் செய்த தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்களாம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்!

ஆகவே அந்த ஆறு எண்களைச் சொல்லுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். வாங்கப் போவது பங்கா, ஆப்ஷனா? பணம் சேமிப்பா, கடனா? முழுதும் போனால் பள்ளிக்கூடச் சம்பளம் நிற்குமா, நிற்காதா? கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், தரகரின் பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

கணக்கில் உங்கள் சொந்தப் போன் நம்பரையே கொடுங்கள். வரும் செய்திகளை அழிக்காமல் படியுங்கள். பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் பைசா பிசகாமல் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு பிரமாதமா, என்ன?