லூப் முடிந்த பிறகு ஐ எங்கே நிற்கும்?

டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள். சி மொழியில் ஃபார் லூப் எழுதும்போது அடைப்புக்குறிக்குள் மூன்று துண்டுகள் வரும்: ஐ = 0; ஐ < 5; ஐ++. எழுதிய வரிசையிலேயே மூன்றும் ஓடும் என்றுதான் புதிதாகப் படிப்பவர்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. முதல் துண்டு ஒரே ஒரு தடவைதான். அடுத்து நிபந்தனை. அது தேறினால் லூப்பின் உள்ளே இருக்கும் வரிகள். அவை முடிந்த பிறகுதான் ஐ++. அங்கிருந்து மறுபடி நிபந்தனைக்கு.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஐ 0, 1, 2, 3, 4 என்று ஐந்து சுற்று போகிறது. கடைசிச் சுற்று முடிந்ததும் ஐ++ வேலை செய்து ஐ 5 ஆகிவிடுகிறது. 5 < 5 தேறாது, வெளியே வந்துவிடும். ஆக, சுற்று 5, சோதனை 6. ஐ-யை லூப்புக்கு மேலேயே அறிவித்திருந்தால் கீழே பிரிண்ட் செய்து பார்க்கலாம், 5 வரும். பாதிப் பேர் 4 என்பார்கள். இன்டர்வியூவில் இதைக் கேட்டே ஆளை மடக்குகிறவர்கள் உண்டு.

< இருக்கும் இடத்தில் <= போட்டால் ஆறாவது சுற்றும் ஓடும். ஐந்து இடம் மட்டுமே உள்ள அரேயில் அது இல்லாத இடத்தைத் தொடும். சி தானாகத் தடுக்காது. சில நேரம் ஒன்றும் ஆகாதது போலவே ஓடும், அதுதான் ஆபத்து.

0-வில் தொடங்கி 5-ஐச் சேர்க்காமல் நிறுத்துவதற்கு கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் ஒரு குறிப்பில் காரணம் சொன்னார். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் எத்தனை என்பது நேரே கிடைத்துவிடும். ஒன்றைக் கூட்டு, ஒன்றைக் கழி என்ற தொல்லை இல்லை.

பைத்தானில் ஃபார் ஐ இன் ரேஞ்ச்(5) என்று எழுதுவோம். பார்வைக்கு அதே லூப்தான், உள்ளே வேறு. சி-யில் லூப்புக்குள் ஐ = 10 என்று மாற்றினால் அந்தச் சுற்றோடு லூப் முடிந்தது. பைத்தானில் அடுத்த சுற்றுக்கு ரேஞ்ச் தன் வரிசைப்படி அடுத்த எண்ணைக் கொடுக்கும். கையில் வாங்கிய டோக்கனில் என்ன கிறுக்கினாலும் அடுத்தவருக்குக் கிழித்துத் தரும் எண் மாறாதே, அப்படி. உள்ளே ஐ-யை மாற்றாமல் விட்டால், லூப் முடிந்த பிறகு அது கடைசியாக வாங்கிய 4-லேயே நிற்கும். ரேஞ்ச்(0) என்று கொடுத்தால் ஒரு சுற்றும் ஓடாது. அதற்கு முன் ஐ என்ற பெயரை எங்கும் பயன்படுத்தவில்லை என்றால், கீழே அதை பிரிண்ட் செய்யப் போகும்போது அப்படி ஒரு பெயரே இல்லை என்று எரர் வரும்.