இணையம் இல்லாத லேப்டாப்பில் டிவி

மகள் பிரசவத்துக்காகப் பெரியம்மாவோடு சிங்கப்பூர் கிளம்புகிறார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. மோகனூர் கடைவீதியில் இரண்டு டீ சொல்லிவிட்டுக் கேட்டார்: "பையன் குடுத்த சின்ன லேப்டாப்பு ஒண்ணு கெடக்குது. நெட்டு இல்லாம அதுல டிவி பாக்க முடியுமா தம்பி?"

"முடியுமுங்க பெரியப்பா. ஆனா இங்க இல்லீங்க, அங்க."

ஏன் என்று சொல்ல ஒரு டீ போதவில்லை.

கேபிளுக்குக் கம்பி வேண்டும். டிடி ஃப்ரீ டிஷ்ஷின் கிண்ணம், கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளை அசையாமல் பார்த்தபடி இருக்க வேண்டும். பயணத்துக்கு இரண்டும் ஆகாது. மிச்சம் இருப்பது தரைவழி ஒளிபரப்பு. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலையைச் சின்னக் குச்சி ஆன்டெனா பிடித்துக்கொள்ளும். கொடைக்கானல் மலையை நோக்கி மொட்டைமாடியில் மீன்முள் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தோமே, அதே வழிதான். அன்று அனலாக், இன்று டிஜிட்டல்.

தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற முறையில் டிஜிட்டல் தரைவழிச் சேவையைத் தொடங்கியது. போனிலோ லேப்டாப்பிலோ டாங்கிள் என்ற சிறு கருவியைச் செருகினால் கட்டணமின்றி டிடி சேனல்கள் வரும் என்றார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும். சேலம் இல்லை, திருச்சி இல்லை. சென்னைக் கோபுரத்தின் அலை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி நம் காவிரிக் கரைக்கு வராது. 2017 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. தனியாரையும் தரைவழிக்குள் விடலாம், 2023 முடிவதற்குள் நாடு முழுவதும் டிஜிட்டலுக்கு மாறிவிடலாம் என்றது. நடந்தது வேறு. 2022 மார்ச்சுக்குள் ஏறக்குறைய ஐம்பது இடங்களைத் தவிர மற்ற அனலாக் கோபுரங்களை மூடிவிடுவதாக, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது. பழையது போயிற்று; அதன் இடத்துக்குப் புதியது நம் பக்கம் வரவில்லை. மோகனூரில் டாங்கிளைச் செருகித் தேடினால் ஒரு சேனலும் சிக்காததற்குக் காரணம் லேப்டாப் அல்ல.

சிங்கப்பூர் 2019 ஜனவரித் தொடக்கத்தில் அனலாக்கை முழுதாக விட்டுவிட்டது. அங்கே எல்லாமே டிவிபி-டி2. வசந்தம் என்ற தமிழ்ச் சேனல் காற்றிலேயே வருகிறது. டிவி உரிமக் கட்டணத்தையும் 2011-இலேயே எடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா கவனிக்க வேண்டியது டாங்கிளை. மலிவாகக் கிடைக்கும் ஆர்டிஎல்2832யு சில்லு மட்டும் உள்ளவை பழைய டிவிபி-டி அலையைத்தான் படிக்கும். டி2 வந்தால் அதற்குப் புரியாது. பெட்டியில் 'டி2' என்று தெளிவாக இருக்க வேண்டும். இலங்கை போகிறவர்களுக்கு டி2 டாங்கிளும் பயன்படாது. அந்த நாடு தேர்ந்தெடுத்தது ஜப்பானிய முறை. இன்னொன்று, படம் ஹெச்டி தரத்தில் வருவதால் பழைய ஆட்டம் பிராசசர் வைத்த குட்டி லேப்டாப் திணறும். சிக்னல் முழுதாக இருந்தும் படம் விக்கினால் சந்தேகப்பட வேண்டியது பிராசசரை.

ஆன்டெனாவில்தான் கைவேலை இருக்கிறது. 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு, 15 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. குச்சி அந்த உயரம் இருந்தால் போதும். ஆனால் மேசைமேல் வெறுமனே வைக்காமல், அடியில் ஓர் அகலமான தகரத் தட்டு வைக்க வேண்டும். அந்த உலோகப் பரப்பு குச்சியின் மறுபாதியாக வேலை செய்யும். பிறகு ஜன்னலோரம் கொண்டுபோய், நிறுத்தியும் படுக்கவைத்தும் பார்க்க வேண்டும். அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி மழை பெய்யும், ஆனாலும் ஆள் தெரியும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. படம் சுத்தமாக இருக்கும், கட்டம் கட்டமாகச் சிதறும், உடனே கறுப்பாகிவிடும். அதனால் ஒரு சாண் நகர்த்துவதே பெரிய மாற்றம்.

ரயிலில் பார்க்கலாமா என்று அடுத்து கேட்டார். ஒரு சேனலின் அகலத்துக்குள் ஆயிரக்கணக்கான துணை அலைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டடங்களில் பட்டுப் பிந்தி வரும் எதிரொலியைத் தாங்க, அடுத்தடுத்த துடிப்புகளுக்கு நடுவே சிறு நேர இடைவெளி விட்டிருக்கிறார்கள். வேகமாக ஓடும்போதோ அலைவெண் சற்று விலகி, அடுத்தடுத்த அலைகள் கலந்துவிடும். ரயில் பெட்டியின் உலோகச் சுவர் வேறு தடுக்கும். ரயிலுக்குள் நம்பாமல், தங்கும் அறையில் பார்ப்பதே நல்லது.

இதை ஊதாரி ஆசை என்று நான் நினைக்கவில்லை. இணையத்தில் ஆயிரம் பேர் பார்த்தால் ஆயிரம் தனித்தனி ஓட்டம் வேண்டும். தரைவழி, கோயில் ஒலிபெருக்கி போல. கேட்பவர் கூடினாலும் செலவு கூடாது, போன் நெரிசலிலும் அது திணறாது. 2018 ஆகஸ்டில் காவிரி கரைபுரண்ட நாட்களை நினைத்தால், ஆற்றங்கரை ஊருக்கு அப்படி ஒரு வழி வேண்டும் என்றே படுகிறது. ஐஐடி கான்பூரும் பெங்களூரு சாங்க்யா லேப்ஸும் உருவாக்கிய, இணையமின்றி நேராகப் போனுக்கே ஒளிபரப்பும் டி2எம் முறைக்கு 19 நகரங்களில் சோதனை நடத்தப்போவதாக 2024 ஜனவரியில் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறைச் செயலர் சொன்னார். அது நகரங்களோடு நின்றுவிடக் கூடாது. மேட்டூர் அணை திறந்தால் பரமத்திவேலூருக்கும் மோகனூருக்கும் உடனே தெரிய வேண்டும்.