டிராகன் வரைந்தவருக்கு எவ்வளவு?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூரியர் தம்பி ஒரு பார்சலைக் கையில் திணித்துவிட்டுப் போனார். வெளிநாட்டு முத்திரை. அனுப்பியவர் பெயரைப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. பிரித்த பிறகுதான் நினைவு வந்தது. அக்கா மகளின் பிறந்த நாளுக்கென்று மூன்று வருஷத்துக்கு முன் நான் பணம் கட்டிய ஃபேன்டஸி நாவல். அப்போது அவளுக்கு 13 வயது. இப்போது பிளஸ் ஒன்.

மேலாக இரண்டு எனாமல் பின், ஒரு ஸ்டிக்கர் தாள், குஞ்சம் வைத்த புக்மார்க், சுருட்டிய வரைபடம். எல்லாவற்றுக்கும் அடியில் புத்தகம். கெட்டி அட்டை, தங்க எழுத்து, பக்கங்களின் விளிம்பெல்லாம் ஊதா மை. தயாரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

குறையைக் கண்டுபிடித்தவள் அவள்தான். படங்களை மட்டும் புரட்டிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"மாமா, இந்த டிராகனுக்கு முதல்ல காலுக்கு நாலு விரல். நூறாம் பக்கத்துக்கு மேல அஞ்சு. ஆள் மாறிட்டாங்க."

எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள். கோடு மாறியிருந்தது, நிழல் விழும் பக்கம் மாறியிருந்தது. கடைசிப் பக்கங்களில் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் எறும்புச் சாரியாக ஊர்ந்தன. அதில் என் பெயரும் இருந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு. படம் வரைந்தவர் பெயரைத் தேடினோம். பதிப்புரிமைப் பக்கத்தில், அச்சக முகவரிக்கு மேலே, ஒரே வரி. அந்த ஐந்தாவது விரலை வரைந்தவர் பெயர் எங்குமே இல்லை.

'கிரவுட் ஃபண்டிங்கில் புத்தகம் போடுகிறார்களாமே, எழுதுங்கள்' என்றுதான் ஆசிரியர் கேட்டார். எழுதுகிறேன். ஆனால் அந்த விரலை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

நாலு கோடி டாலர் கதை

இந்த விஷயத்தைப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையில்தான் தொடங்குவார்கள். 2022 மார்ச் 1 அன்று அமெரிக்க ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன், பலரிடம் நிதி திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஓர் அறிவிப்பு போட்டார். கொரோனா காலத்தில் யாருக்கும் சொல்லாமல் நாலு நாவல் எழுதி வைத்திருக்கிறேன், அவற்றை நானே வெளியிட 10 லட்சம் டாலர் வேண்டும் என்றார். 30 நாள் கெடு. முடிவில் 1,85,341 பேர் சேர்ந்து 4 கோடியே 17 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். 2023-ல் காலாண்டுக்கு ஒன்றாக நாலு புத்தகமும் வந்தன. முதலாவது, 'டிரெஸ் ஆஃப் தி எமரால்ட் சீ'. படங்கள் ஹோவர்ட் லையன்.

கேட்க இனிக்கிற கதை. ஆனால் அவர் ஏற்கெனவே உலகம் முழுக்க வாசகர்களைச் சேர்த்து வைத்திருந்தவர். முதல் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்நூறு பேரைத் தேடுகிறவருக்கு இதில் பாடம் குறைவு.

எனக்கு இன்னொரு கணக்கு முக்கியமாகப் படுகிறது. 2016-ல் 'குட் நைட் ஸ்டோரீஸ் ஃபார் ரெபெல் கேர்ள்ஸ்' என்ற சிறுவர் நூல் அதே தளத்தில் 6 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு மேல் திரட்டியது. நூறு பெண்களின் வாழ்க்கைக் கதைகள். படம் போட்டவர்கள் பல நாடுகளைச் சேர்ந்த 60 பெண் ஓவியர்கள். அந்த 60 என்ற எண்ணைச் சொல்லித்தான் புத்தகத்தையே விற்றார்கள். பணத்தை இழுப்பது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கையொப்பம் வாங்கிய காலம்

முன்பணம் வாங்கிப் புத்தகம் போடுவது நமக்குப் புதிதா என்ன? இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப், ஹோமரின் 'இலியட்' மொழிபெயர்ப்பை 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தது சந்தாவில்தான். தொகுதிக்கு ஒரு கினி. சேர்ந்தவர்கள் 575 பேர், அவர்கள் பெயர்ப் பட்டியல் புத்தகத்தின் முகப்பிலேயே அச்சாயிற்று. நம் பக்கம் கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த உ.வே.சா., 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றக் 'கையொப்பம்' வாங்கினார். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று பெரிய மனிதர்கள் போட்ட கையெழுத்து அது. கையொப்பம் போட்ட எல்லோரும் பணத்தையும் போட்டார்களா என்பதை அவருடைய வாழ்க்கை வரலாறு படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றும் 'முன்வெளியீட்டுத் திட்டம்' என்ற பெயரில் நம் பதிப்பாளர்கள் செய்வது அதன் பேரப்பிள்ளைதான். சிவகாசி காமிக்ஸ் சந்தாக்காரர்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள்.

மாறியிருப்பது ஒன்றே ஒன்று. உ.வே.சா. நீட்டியது சிந்தாமணி என்ற பெயரையும் தம் படிப்பையும். இன்று நீட்டப்படுவது படம். 'மேகங்களுக்கு மேல் ஒரு நகரம், டிராகனோடு பேசத் தெரிந்த ஓர் அநாதைப் பெண்' என்று நாலு வரி எழுதினால் யாரும் பணம் கட்ட மாட்டார்கள். அந்தப் பெண் டிராகனின் மூக்கில் கை வைத்து நிற்கிற ஓவியத்தைப் பார்த்ததும் கார்டைத் தேடுகிறோம். நானும் அப்படித்தான் தேடினேன். கதையில் ஒரு வரிகூட அன்று நான் படிக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பேச்சுக்கு 600 பேர், ஆளுக்கு 30 டாலர். மொத்தம் 18,000. கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளத்தின் பங்கு 5 சதவீதம், அதாவது 900. கார்டில் பணம் எடுக்கும் செலவு 3 சதவீதமும் தலைக்கு 20 சென்ட்டும் என்றால் 660. மிச்சம் 16,440.

இதில்தான் அச்சு. ஆஃப்செட்டில் பிளேட் செலவு 600 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் குறைவாக அடிக்கிறவருக்குப் பிரதி விலை எகிறும். வண்ணப் படம் என்றால் ஆர்ட் பேப்பர். ஆர்ட் பேப்பர் என்றால் எடை. எடை என்றால் தபால். பணம் வாங்கிய நாளுக்கும் பார்சல் கட்டுகிற நாளுக்கும் நடுவில் தபால் கட்டணம் ஏறிவிட்டால் அதுவும் இந்த 16,440-க்குள்தான். பின், ஸ்டிக்கர், குஞ்சம் எல்லாம் இதே உண்டியலிலிருந்து.

இதற்கெல்லாம் விலைப்பட்டியல் உண்டு. அச்சகத்தில் பேரம் பேசினாலும் ஓர் எல்லைக்குக் கீழே இறங்க மாட்டார்கள். தபால்காரரிடம் பேரமே கிடையாது. பேசிக் குறைக்கக்கூடிய ஒரே ஆள் ஓவியர்.

அதிலும் 'இலக்கைத் தாண்டினால்' என்றொரு பகுதி வரும். 20,000 டாலர் சேர்ந்தால் இன்னும் பத்துப் படம், 25,000 சேர்ந்தால் அத்தியாயத்துக்கு ஒரு முகப்புச் சித்திரம். கட்டுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஓவியருக்குக் கூலி பேசியது எத்தனை படத்துக்கு? கூடுதல் படத்துக்குத் தனிக்கூலி என்று தாளில் எழுதியிருந்தால் தப்பித்தார். எழுதாவிட்டால், நிதி ஏற ஏற அவருக்கு வேலைதான் ஏறும்.

ஜெயித்தால் கூலி

இதைவிட என்னைக் குடைவது வேறொன்று. இந்தத் தளங்களில் பிரபலமான விதி, இலக்குத் தொகை முழுதும் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். ஒரு டாலர் குறைந்தாலும் யாருடைய கார்டிலும் கை வைக்க மாட்டார்கள். கட்டுகிறவருக்கு நல்ல பாதுகாப்புதான்.

ஆனால் அறிவிப்புப் பக்கத்தில் வைக்க அட்டைப்படம் வேண்டும், வரைபடம் வேண்டும், நாலைந்து பாத்திரச் சித்திரங்கள் வேண்டும். இவையெல்லாம் முதல் டாலர் விழுமுன்பே வரைந்து முடித்திருக்க வேண்டியவை. அப்போது எழுத்தாளரிடம் காசு ஏது? 'இப்போதைக்கு வரைந்து கொடுங்கள், நிதி சேர்ந்ததும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்' என்றுதான் பேச்சு தொடங்கும். சேரவில்லை என்றால் கட்டியவருக்கு நஷ்டமில்லை, தளத்துக்கு நஷ்டமில்லை. மூன்று மாதம் முதுகு வளைந்தவருக்கு மட்டும் நஷ்டம்.

எழுத்தாளரும்தானே ஆண்டுக்கணக்காகக் கூலியில்லாமல் எழுதுகிறார் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் நாவல் அவர் கையிலேயே இருக்கும், நாளைக்கு வேறு பதிப்பகத்துக்குக் கொடுக்கலாம். இன்னொருவர் கதையின் டிராகனை ஓவியர் எங்கே கொண்டுபோய் விற்பார்?

அசல் ஓவியம் யாருடையது என்பதும் முன்கூட்டியே பேச வேண்டிய சங்கதி. அதிகப் பணம் கட்டுகிறவருக்கு 'அசல் ஓவியம் ஒன்று' என்று பரிசு வைக்கிறார்கள். 1997-ல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் புத்தகத்துக்கு அட்டைப்படம் வரைந்த தாமஸ் டெய்லருக்கு அப்போது 23 வயது. அந்த அசல் வாட்டர்கலர், 2024 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் 19 லட்சம் டாலருக்கு மேல் போனது. ஏலத்துக்கு வந்தது ஒரு சேகரிப்பாளரின் நூலகத்திலிருந்து.

மணியம் வரைந்த முகம்

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வெளிநாடு போக வேண்டாம். 1950 முதல் 54 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது கல்கி எழுதினார், மணியம் வரைந்தார். வந்தியத்தேவன் என்றதும் நம் பாட்டிகளின் கண்ணில் வந்தது மணியம் போட்ட மீசை. வாரா வாரம் பக்கத்தைக் கிழித்து, தைத்து, பைண்டு செய்து பரணில் வைத்தார்கள். கதை நாட்டுடைமையான பிறகு படமில்லாத மலிவுப் பதிப்புகள் எத்தனையோ வந்துவிட்டன. இருந்தும் அந்தப் பழுப்பேறிய பைண்டை எடைக்குப் போட மனம் வராமல் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. எழுத்து எங்கும் கிடைக்கும். படம் அந்தப் பைண்டில்தான் இருக்கிறது. அந்தக் காலத்து வாரப் பத்திரிகைக்காரர்கள் கூலியில் தாராளம் காட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட இடம் விட்டார்கள்.

இப்போது அந்த இடத்துக்கும் ஆபத்து. நாலு வரி தட்டினால் டிராகன் வரைந்து கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தினால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டர் 2023 ஆகஸ்ட் முதல் விதி வைத்திருக்கிறது. சொன்னால் போதும் என்பதுதான் விதி. பார்ப்பவர்கள் அதைப் படிப்பார்களா? நூறாம் பக்கத்துக்கு மேல் விரல் கூடிய டிராகனை வரைந்தது மனிதர்தானா என்றே எனக்கு இப்போது சந்தேகம்.

ஆலிஸுக்காக நின்ற அச்சு

ஒரு பழைய சம்பவம். ஆக்ஸ்போர்டில் கணக்கு வாத்தியாராக இருந்த லூயிஸ் கரோல், 'ஆலிஸின் அற்புத உலக'த்தைத் தம் சொந்தச் செலவில்தான் வெளியிட்டார். 42 படங்களுக்கு ஓவியர் ஜான் டென்னியலுக்கு 138 பவுண்டு கொடுத்தார். 1865-ல் 2,000 பிரதிகள் அச்சாகி, சிலருக்கு அன்பளிப்பாகவும் போய்விட்டன. அப்போது டென்னியல், படங்கள் அச்சில் சரியாக விழவில்லை என்றார். கரோல் கொடுத்த பிரதிகளைத் திரும்பக் கேட்டு வாங்கி, வேறோர் அச்சகத்தில் முழுதையும் மறுபடி அடித்தார். செலவு அவருடையது. இன்று உலகம் கொண்டாடும் ஆலிஸ் அந்த இரண்டாம் அச்சிலிருந்து வந்தவள்.

ஓவியர் ஒருவர் சொன்னதற்காக அச்சு நின்றது. 600 பேர் 'எப்போது வரும்' என்று மெயில் போட்டுக்கொண்டிருக்கும்போது இன்றைய ஓவியரால் அப்படிச் சொல்ல முடியுமா? சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு என் வீட்டுப் புத்தகத்தின் நூறாம் பக்கம் சாட்சியோ என்னவோ.

கிரவுட் ஃபண்டிங் ஏமாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், நிதி சேர்ந்த கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் சொன்னதைக் கொடுக்காமல் விட்டவை 9 சதவீதம்தான். எனக்கும் மூன்று வருஷம் கழித்தாவது வந்துவிட்டது.

போன வாரம் அந்த டிராகன் நாவலை எழுதியவரிடமிருந்து மெயில் வந்தது. இரண்டாம் பாகத்துக்கு நிதி திரட்டுகிறாராம். பதில் போட்டேன்: 'யார் வரைகிறார்கள்? எத்தனை படம்? கூடுதல் படத்துக்குத் தனிக்கூலி உண்டா?' மறுநாளே பதில் வந்தது, இந்த முறை எனாமல் பின் மூன்று நிறங்களில் கிடைக்குமாம்.

அக்கா மகளிடம் காட்டினேன். அவள் நிமிரவில்லை. கெமிஸ்ட்ரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் டிராகன் வரைந்துகொண்டிருந்தாள். காலுக்கு நாலு விரல். வலது மூலையில், பெரிய எழுத்தில், அவள் பெயர்.